நெடுந்தீவுக் குதிரைச் சுவர்

தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை. சென்னையில் நீங்கள் எல்லாரும் சீனியைக் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன், அதனால்தான். வேண்டுமென்றால் குசினியில் இருக்கிறது, சொல்லுங்கள். அந்தக் கதிரையின் ஒரு கால் ஆடும், மற்றதில் இருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கரம்பொன் வரைக்கும் இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள். ஆறுதலாகக் குடியுங்கள், நான் எங்கும் ஓடப்போவதில்லை.

சுருவிலிலிருந்து மேரிஜோசப்பின் என்ற அக்கா உங்கள் அறக்கட்டளைக்குப் போன் எடுத்துக் கதைத்தது எனக்குத் தெரியும். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது பாதிதான். இரண்டு வருடமாக உங்கள் புலமைப்பரிசிலில் படிக்கிறேன். மீதியை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

சிவரூபியும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. அவள் சுருவில், நான் கரம்பொன். இரண்டும் ஒரே தீவில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மாதிரித்தான். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவளுக்குத் தகப்பன் இல்லை, தாய் மீனாம்பிகை மட்டும். எனக்கு எல்லாரும் இருக்கிறார்கள், ஆனால் கனடாவில் இருக்கிறார்கள். நவீன இந்திய ஓவியம் பற்றிப் பட்டப்பின் ஆய்வு செய்ய வேண்டும் என்ற ஆசை இரண்டு பேருக்கும் இருந்தது. அதை இங்கே இருந்துகொண்டு செய்ய முடியாது. படங்களும் அங்கே, பழைய காட்சிகளின் கையேடுகளும் அங்கே, அவற்றைப் பற்றிக் கதைக்கக்கூடிய ஆட்களும் அங்கே. யாராவது உதவி செய்தால்தான் போகலாம். இலங்கையிலிருந்து வருடத்துக்கு ஒருவரை எடுக்கிற உங்கள் புலமைப்பரிசிலுக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம்.

என் தலைப்பு இந்தியப் பெண் ஓவியர்களைப் பற்றியது. புத்தகங்களை வைத்துச் செய்யலாம், சுத்தமான வேலை. அவளுடைய தலைப்பு ஒரு சுவர்.

அந்தச் சுவரை அவளுக்குச் சொன்னது நான்தான். இதை உங்கள் நடுவர்கள் எங்கேயாவது எழுதிவைத்திருக்கிறார்களோ தெரியவில்லை. சின்ன வயதில் அப்பா என்னை நெடுந்தீவில் ஒரு சொந்தக்காரருடைய கோயில் திருவிழாவுக்கு வருடாவருடம் கூட்டிக்கொண்டு போவார். சின்னப் பிள்ளையார் கோயில். அதன் வசந்தமண்டபத்துச் சுவரில் யாரோ குதிரைகளாகக் கீறித் தள்ளியிருந்தார்கள். சாமி குதிரை வாகனத்தில் வருகிற மாதிரி இல்லை. நெடுந்தீவில் வெளியில் அலைகிற கட்டைக் குதிரைகள், அவற்றின் நடுவில் பிள்ளையார், எல்லாம் வெறும் கோடு. "பைத்தியக்காரக் குதிரைகள்" என்று பகிடியாக ஒருநாள் கன்ரீனில் சொன்னேன். சிவரூபி சிரிக்கவில்லை.

"எந்தக் கோயில்?" என்று கேட்டாள்.

அடுத்த கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு வேறு கதை இல்லை. கீறியவர் கணநாதன் என்று கண்டுபிடித்தாள். நெடுந்தீவுக்காரர், அறுபதுகளில் சென்னைக்குப் போய் ஓவியம் படித்தவர், அங்கே இளம் ஓவியர்களோடு சேர்ந்து காட்சி வைத்தவர். நெஞ்சு வருத்தத்தோடு ஊருக்குத் திரும்பி, ஒரு வருடம் அந்தச் சுவரில் வேலை செய்துவிட்டுச் செத்துப்போயிருக்கிறார். சென்னையில் அந்த ஆட்கள் கோட்டில் எதைத் தேடிக்கொண்டிருந்தார்களோ அதை இந்த மனிதர் முருகைக்கல் வேலிகளையும் குதிரைகளையும் பார்த்துக் கண்டடைந்துவிட்டார் என்பது அவளுடைய கட்சி.

அந்தச் சுவரை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அவள் ஒரு தரம் பார்த்தாள். எனக்கு எரிந்தது. இதை வேறு அழகான சொல்லில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரவில் படுத்தால் அவளுடைய முகம்தான் வரும், அதுவும் அவள் அந்தக் குதிரைகளைப் பற்றிச் சொல்லும்போது இருக்கிற முகம். ஒருவரிடமிருந்து ஒரு பொருளைப் பறிக்கலாம். அவர் பார்க்கிற விதத்தை என்ன செய்வது?

பிறகு உங்களிடமிருந்து அறிவித்தல் வந்தது. கடைசிச் சுற்றில் நாங்கள் இரண்டு பேரும். நடுவர்கள் நெடுந்தீவுக்கு வந்து சுவரைப் பார்ப்பார்கள் என்று இருந்தது. என் தலைப்பைப் பார்க்க ஒருவரும் எங்கும் வரத் தேவையில்லை. அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முந்திப் போய்ச் சுவரைத் துப்புரவாக்கிப் படம் எடுக்க வேண்டும் என்று சிவரூபி என்னையும் கூப்பிட்டாள்.

"நீரும் வாரும் பர்வதம். நீர் இல்லாட்டி எனக்கு இந்தச் சுவரே இல்லை" என்றாள்.

அவள் பெருமையடித்திருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே நன்றியோடு சொன்னாள். நான் போனேன்.

நெடுந்தீவில் அன்னபூரணம் அக்கா வீட்டில் தங்கினோம். முதல்நாள் நானும் கோயிலுக்குள் போனேன். விளக்குப் புகை பிடித்த இடங்களை அவள் மெல்லிய தூரிகையால் தட்டித் தட்டி எடுத்தாள். ஒரு குதிரையின் கழுத்து வெளியே வந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பார்த்ததே எனக்குப் போதும். அடுத்த நாள் எனக்குத் துடக்கு என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் தீட்டு என்பதுதான், உங்கள் ஊரில் இதெல்லாம் குறைந்திருக்கும். எங்கள் தீவுகளில் மாதத் துடக்கென்றாலும் சாவுத் துடக்கென்றாலும் கோயில் வாசலை மிதிக்க ஏலாது. குடும்பத்தில் ஒரு சாவு என்றால் முப்பத்தொரு நாள். நான் இவற்றையெல்லாம் ஒழுங்காகக் கைக்கொள்ளுகிறவள். அன்று மட்டும் எனக்குத் துடக்கு இருக்கவில்லை. வெளியில் பூவரச மரத்தின் கீழ் இருக்க ஒரு காரணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். உள்ளே போன் அடித்தால் ஐயர் ஏசுவார் என்று சிவரூபி தன் போனை என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

மதியம் அந்தப் போன் அடித்தது. மேரிஜோசப்பின் அக்கா, சுருவிலில் சிவரூபிக்குப் பக்கத்து வீடு. மீனாம்பிகை அம்மாவுக்கு நெஞ்சுக்குள் நோ, ஊர்காவற்றுறையில் காட்டி இப்போது யாழ்ப்பாணம் கொண்டுபோகிறார்கள் என்றார்.

"மனுசி ஒரே பிள்ளையைத்தான் கேக்குது. சிவரூபியைப் பின்னேரப் படகில அனுப்பிவிடும், பர்வதம்."

"ஓம் அக்கா, இப்பவே சொல்லிறன்" என்றேன்.

சொல்லத்தான் எழும்பினேன். வாசல் கூப்பிட்டால் கேட்கிற தூரம். படகுக்கும் நேரம் இருந்தது. அப்போது யோசித்தேன்: இவள் போனால் நாளைக்கு நடுவர்கள் வருகிற நேரம் சுவருக்கு முன்னால் ஆள் இல்லை, பாவம், இவ்வளவு பாடுபட்டதெல்லாம் வீண். முதலில் வந்த எண்ணம் இதுதான். அவளுடைய நன்மைக்காகத்தான் நான் திரும்பவும் மரத்தடியில் இருந்தேன். இரண்டாவதாக ஒரு எண்ணம் வந்தது. தாய்க்கு வருத்தம் என்றால் நடுவர்கள் இரங்குவார்கள், திகதியைத் தள்ளிவைப்பார்கள், சுவரும் அவளுக்கு, இரக்கமும் அவளுக்கு. இரண்டு எண்ணமும் சொல்லாதே என்றுதான் சொன்னது. அதனால் எது பெரியது என்று நான் ஆராயவில்லை.

மேரிஜோசப்பின் அக்காவுக்குத் திரும்ப எடுத்து என் இலக்கத்தைக் கொடுத்து, இனி எனக்கே எடுங்கோ என்று சொல்லிவிட்டுச் சிவரூபியின் போனை நிற்பாட்டினேன். பின்னேரம் அவள் கேட்டபோது சார்ஜ் முடிந்துவிட்டது என்றேன். அன்னபூரணம் அக்கா வீட்டில் அன்று கரண்டும் இருக்கவில்லை. எல்லாம் தன்பாட்டில் பொருந்திக்கொண்டு வந்தது.

விடியப்புறம் என் போன் அடித்தது. இரவே முடிந்துவிட்டது என்றார் மேரிஜோசப்பின் அக்கா. பிள்ளைக்குப் பக்குவமாகச் சொல்லும் என்றார். நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு, கொஞ்சம் பொறுத்து அவருக்கு நானே எடுத்தேன்.

"சொன்னனீரோ?" என்று கேட்டார்.

"சொல்லியாச்சு அக்கா. அழுதுகொண்டிருக்கிறா, இப்ப கதைக்க ஏலாது. நடுவர்மார் வந்துபோகட்டாம், பின்னேரப் படகில வாறாவாம்."

அவர் "அப்பிடியோ" என்று மட்டும் சொன்னார்.

அறைக்குள் சிவரூபி இரண்டு சேலையைப் பாயில் விரித்துவைத்து எது நல்லம் என்று கேட்டாள். நீலம் என்றேன். முந்தானைக்கு ஊசி குத்திவிட்டதும் நான்தான். நடுவில், "உம்மட போனை ஒருக்காத் தாரும், அம்மாவோட கதைச்சிட்டுப் போவம்" என்று கேட்டாள்.

"இஞ்ச சிக்னல் இல்லை. எல்லாம் முடிய எடும், நல்ல செய்தியோட எடும்" என்றேன்.

அதுவும் சரிதான் என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு நான் சொன்னால் எல்லாம் சரிதான். அது எப்போதும் என்னை எரிச்சல்படுத்திய ஒரு குணம்.

உங்கள் நடுவர்கள் காலைப் படகில் வந்தார்கள். ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும். படகு ஆட்டத்தில் ஐயாவுக்கு நல்ல சத்தி, ஒரே வாந்தி. நான் துடக்கு என்று சொன்ன ஆள், அதனால் வாசலுக்கு வெளியில் நின்று பார்த்தேன். சிவரூபி ஒரு விரலைச் சுவரில் வைத்தாள். முதல் குதிரையின் காலில் தொடங்கி, கையை எடுக்காமல், முதுகு, பிடரி, அடுத்த குதிரை, பிள்ளையாரின் தும்பிக்கை, பின்னால் இருக்கிற கல் வேலி என்று நடந்துகொண்டே போனாள். அவ்வளவும் ஒரே கோடு. எங்கேயும் அறவில்லை. சுவர் முடிகிற இடத்தில் அவளும் நின்றாள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புலமைப்பரிசில் யாருக்கு என்பது அந்த இடத்தில் முடிந்துவிட்டது. அது ஒரே கோடு என்பது எனக்கும் அன்றுதான் தெரியும்.

நான் வாசலை விட்டுப் பின்வீதிக்குப் போனேன். கோயிலைப் பராமரித்துவந்த தில்லைநாதன் அண்ணை அங்கே வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஒரு நாள் பூசை தவறவிடாதவர்.

"அண்ணை, இதை எப்பிடிச் சொல்லிறதெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றேன். "சிவரூபியின்ர தாய் இராத்திரி மோசம் போயிட்டா. அவ துடக்கோட உள்ளுக்க நிக்கிறா."

அவர் வாளியை வைத்துவிட்டு நேரே மண்டபத்துக்குப் போனார். கோபத்தில் போனதாக எனக்குப் படவில்லை, பயத்தில்தான் போனார்.

"பிள்ளை, வெளியில வாரும். தாய் செத்த துடக்கோட சாமிக்கு முன்னால நிக்கலாமே?"

தாய் செத்த செய்தி சிவரூபியின் காதில் விழுந்தது அப்படித்தான். அவளுடைய கை இன்னும் சுவரில்தான் இருந்தது. அவள் தில்லைநாதன் அண்ணையைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"அண்ணை என்ன சொல்லுறார், பர்வதம்?"

ஐயர் வெளியே வந்தார். வயதான மனிதர், சாத்திரம் தெரிந்தவர். சத்தம் போடவேண்டாம் என்று தில்லைநாதன் அண்ணையைக் கையால் அடக்கினார். "அறியாமல் நிண்டால் துடக்கில்லை. காதில விழுந்த நேரத்திலயிருந்துதான் துடக்கு" என்றார். எங்கள் வழக்கம் அப்படித்தான். பிறதேசத்தில் ஒரு சாவு நடந்து செய்தி பிந்தி வந்தால், கேட்ட நேரத்திலிருந்துதான் எண்ணுவோம். அவள் தப்புவதற்கு அதில் வழி இருந்தது. ஐயர் அந்த வழியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் என்னிடம் திரும்பினார்.

"நீர்தானே கூட வந்தனீர். இவவுக்குச் சொன்னனீரோ?"

"ஓம் ஐயா. விடியவே சொன்னனான்."

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நான் செய்தது அந்த ஒரு ஓம்தான். உங்கள் நடுவர்களும் கேட்டார்கள். தில்லைநாதன் அண்ணை உறுதிப்படுத்த என்னிடம் இலக்கத்தை வாங்கி மேரிஜோசப்பின் அக்காவுக்குப் போன் எடுத்தார். ஓம், பர்வதம் விடியவே சொல்லிப்போட்டா என்று அவரும் சொன்னார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது" என்று சிவரூபி ஒரு தரம் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. செருப்பையும் போடாமல் அந்த வெயிலில் துறைமுகத்துக்கு நடந்தாள். பின்னால் போகத்தான் நினைத்தேன், நடுவர்கள் தனியாக நின்றார்கள்.

செத்தவீட்டில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண்கள் வாய்க்கரிசி போடுகிற நேரம் சிவரூபி கிட்டப் போக, சொந்தத்து மாமி ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துவிட்டார். தாயை விட்டுப்போட்டுச் சுவரைக் கட்டிப்பிடிச்சவளுக்கு வாய்க்கரிசி என்ன வேண்டிக்கிடக்கு என்று கேட்டார். அவள் திரும்பிப் போய் வேலியோரம் நின்றாள். பிரேதம் போகும்வரை அங்கேயே நின்றாள். நானும் போயிருந்தேன். நான் வாய்க்கரிசி போட்டேன், என்னை ஒருவரும் தடுக்கவில்லை.

உங்கள் அம்மா நடுவர் பிறகும் சிவரூபியைக் கேட்டிருக்கிறார், அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று. அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அது எனக்கு வந்தது. அந்தச் சுவரை நீங்களே எடுத்துச் செய்யுங்கள், நீங்கள்தானே முதலில் கண்டவர் என்று நல்ல மனதோடு சொன்னீர்கள்.

சுவர் இப்போது இல்லை. கோயிலில் பிராயச்சித்தம் செய்தார்கள். அவள் கை பட்ட இடத்தை என்ன செய்யலாம் என்று தில்லைநாதன் அண்ணை என்னிடம்தான் கேட்டார், படித்த பிள்ளை என்று. சுண்ணாம்பு அடிச்சுவிடுறதுதான் நல்லம் அண்ணை என்றேன். அவள் கை படாத இடம் அந்தச் சுவரில் இருக்கவில்லை. இரண்டு பூச்சில் வெள்ளையாகிவிட்டது. என் ஆய்வுக்குரிய சுவரை நானே ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். என்றைக்காவது அவள் திரும்பி வந்து அதற்கு முன்னால் நிற்பாள் என்ற எண்ணத்தோடு எனக்குச் சென்னையில் நித்திரை வந்திருக்காது.

மிஞ்சியது அவள் எடுத்த படங்கள். கமெராவை அன்னபூரணம் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள், நான் எடுத்துவைத்தேன். இரண்டு வருடமாக அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பேராசிரியர் போன மாதம் ஒரு அத்தியாயத்தைத் திருப்பித் தந்தார். "படமெல்லாம் நல்லா இருக்கும்மா, ஆனா நீங்க அதுல என்ன பாக்கறீங்கன்னு எனக்குப் பிடிபடவே இல்ல" என்றார். எனக்கும் பிடிபடவில்லை. எனக்கு அவை குதிரைகள்தான்.

சிவரூபி இப்போது வேலணையில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறாள். போன மாதம் தாயின் திவசத்துக்குச் சமைக்க உதவிக்குப் போன இடத்தில், மேரிஜோசப்பின் அக்கா, அண்டைக்குச் சொன்ன உடன வந்திருக்கலாமே பிள்ளை என்று கேட்டிருக்கிறார். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா என்று அவள் மரக்கறி வெட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு பொய் சொல்ல ஒருவருக்கும் தேவை இல்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது.

ஆகவே புலமைப்பரிசிலை நிற்பாட்டுங்கள். படங்கள் எல்லாம் அந்தப் பையில் இருக்கின்றன, கமெராவும் இருக்கிறது, அவளிடம் சேர்த்துவிடுங்கள். ஐயரிடமும் தில்லைநாதன் அண்ணையிடமும் நானே போய்ச் சொல்லுகிறேன், மாமியிடமும் சொல்லுகிறேன். இதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. திருப்பிக் கொடுக்கக்கூடியதை எல்லாம் கொடுக்கிறேன்.

மேரிஜோசப்பின் அக்காவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பூவரசின் கீழ் இருந்த அந்த மதியம் அவர் எனக்குச் செய்தி சொல்லி முடித்த பிறகு, அம்புலன்சுக்காரர் ஏதோ கேட்க, நான் சிவரூபியைக் கூப்பிடுவேன் என்று போனை மீனாம்பிகை அம்மாவின் காதில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"குஞ்சு, வாறியே?"

நான் யார் என்று சொல்லியிருக்கலாம். "ஓம் அம்மா, வாறன்" என்றேன்.

"என்ர குஞ்சு. அவதிப்படாமல் ஆறுதலா வா. படகில விளிம்பில இராத, நடுவில இரு."

"ஓம் அம்மா" என்றேன்.

அவ்வளவுதான். மனுசி பிறகு அமைதியாகக் கிடந்ததாம், பிள்ளை வருது என்று தாதிமாரிடம் சொல்லிக்கொண்டிருந்ததாம். அந்த நிம்மதியைக் கொடுத்தது நான். அதையும் நீங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும். என்னுடைய அம்மா என்னைப் பர்வதவர்த்தினி என்று முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், கனடாவிலிருந்து கூப்பிடும்போதும் அப்படித்தான். தாய் கடைசியாக என்ன சொன்னா என்று சிவரூபி கட்டாயம் உங்களிடம் கேட்பாள். தெரியாது என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அவளுடையது, எடுத்துக்கொண்டு போங்கள். அந்த அம்மா அதை என்னிடம்தான் சொன்னார்.